ஆறாம் வருஷத்துக் கிட்டார்

பழைய கிட்டார் ஒன்றை அவர் மடியில் வைத்தால் போதும், அது எந்த வருஷம் செய்தது என்று சொல்லிவிடுவார். வாசித்துக் காட்டுங்கள் என்றால் மட்டும் தோள்பட்டையைப் பிடித்துக்கொள்வார். அவருக்குத் தெரிந்தது மூன்று கார்ட், அதாவது கம்பிகளைச் சேர்த்து மீட்டுகிற மூன்றே ஸ்வரக்கூட்டு. மூன்றாவதற்கு விரல் போய்ச் சேர்வதற்குள் முதலாவது மறந்திருக்கும். இதை அவரே நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கிறவர் என்பதால் நாமும் சொல்வதில் தப்பில்லை.

தொழில் மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸை அளவுக்கு அறுத்து, ஓரத்தை இழைத்து, ஃப்ரேமுக்குள் உட்கார வைக்கிற வேலை. கடையின் பின்னறையில் ஒரு சாணைக்கல், ஒரு மேசை விளக்கு, குட்டித் திருகாணிகள் போட்ட டப்பா, இவற்றுக்கு நடுவே யாராவது ஒருவருடைய கிட்டார் எப்போதும் சுவரில் சாய்ந்திருக்கும். முதலாளி இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். சட்டைப் பையில் பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடி ஒன்று இருக்கும். அதைக் கிட்டாரின் வட்ட ஓட்டைக்குள் விட்டு, பேனா டார்ச்சை அடித்து, வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

எல்லாக் கிட்டாருக்கும் இந்த மரியாதை கிடையாது, குருவி கிட்டாருக்கு மட்டும்தான். லேபிளில் ஒரு குருவி உட்கார்ந்திருக்கும். பதினாலு வருஷம் கிட்டார் செய்துவிட்டு மூடிப்போன கம்பெனி. அதன் பதிவேடுகள் ஒரு மழையில் நனைந்து கூழாகிவிட்டன. கிட்டார்களுக்கு நம்பரும் போடவில்லை. எனவே எது எந்த வருஷத்துச் சரக்கு என்று தீர்மானிக்கிற பொறுப்பு, வேறு வேலை இல்லாத நானூறு பேர் தலையில் விழுந்தது. போனில் அவர்களுக்கு ஒரு குழு உண்டு. அந்தக் குழுவில் நம்மவருக்குப் பெயர் ‘வருஷம் சார்’.

பாடம் எளிதானது. முதல் ஐந்து வருஷம் பச்சை லேபிள். பலகைக்கு அடியில் தாங்கும் கட்டைகள் ஒல்லி. ஏழாம் வருஷத்திலிருந்து மஞ்சள் லேபிள், கட்டைகள் தடிமன். இடையில் அந்த ஆறாம் வருஷம் இருக்கிறதே, அதில் செய்த கிட்டார் ஒன்றைக்கூட யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அந்த வருஷம் கம்பெனி பூட்டிக் கிடந்தது என்பது குழுவில் பாதிப் பேருடைய கட்சி. அதற்குத் தலைவர் ‘கொக்கி’. எந்த வாக்கியத்தைப் போட்டாலும் அதில் ஒரு கேள்வியை மாட்டி இழுக்கிறவர் என்பதால் அந்தப் பெயர். வருஷம் சாரோ, ஆறாம் வருஷத்துக் கிட்டார் உண்டு, நம் கைக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் என்று ஒன்பது வருஷமாக வாதாடி வந்தார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இவ்வளவு தெரிந்தவருக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் இருபத்தாறு வருஷமாக விளங்கவில்லை. அது அவருடைய அக்கா சம்பந்தப்பட்டது.

அக்கா ஒரு காலத்தில் நன்றாக வாசிப்பாள். அப்பா வாங்கிக் கொடுத்த பழைய குருவி ஒன்று அவளிடம் இருந்தது. வருஷம் சாருக்கு இருபத்து மூன்று வயது, இந்தப் பைத்தியம் புதிதாகப் பிடித்திருந்த நேரம். அக்கா மூன்று மாதப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள். கடைத்தெருவில் வாத்தியக் கடை ஒன்றில், கீறல் விழுந்த பச்சை லேபிள் குருவி தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் வருஷம்! வீட்டுக்கு ஓடி, அக்காவின் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய், அதைக் கொடுத்து இதை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். கடைக்காரர் தலையில் மிளகாய் அரைத்துவிட்டதாக அவருக்கு ஒரே பெருமை. அக்கா திரும்பி வந்ததும், “இது ரெண்டாம் வருஷம், ரொம்ப அருமையான வருஷம்” என்று நீட்டினார். அக்கா வாங்கி ஒரு தரம் மீட்டினாள். நல்லா இருக்குடா என்றாள். துணி சுற்றி அலமாரி மேல் வைத்தாள். அதன் பிறகு அவள் வாசித்து யாரும் கேட்கவில்லை.

கல்யாணமாகிப் போனபோது அந்தக் கிட்டாரும் கூடவே போய், அந்த வீட்டு அலமாரி மேல் ஏறியது. அக்கா இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். இரண்டாம் வருஷத்துக் கிட்டாரை வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருக்கிற ஒரே ஆள் உலகத்தில் நீதான் என்று அவர் அடிக்கடி கடிந்துகொள்வார். அவள் சிரிப்பாள், அல்லது கியரை மாற்றுவாள்.

இந்த நிலையில்தான் கிட்டார் டீச்சர் கண்ணாடி மாற்றிக்கொள்ளக் கடைக்கு வந்தார். அறுபதைத் தாண்டியவர், ஒரு தையல் கடைக்கு மேல் அறை எடுத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். வந்தவர், தம்மிடம் ஒரு கறுப்புக் கிட்டார் ஆணியில் தொங்குகிறது, உள்ளே ஏதோ பறவைப் படம் தெரிகிறது, உங்களுக்குத்தான் இந்தப் பைத்தியம் உண்டாமே என்றார். அன்று மாலையே வருஷம் சார் அந்த அறையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்.

யாரோ ஒரு புண்ணியவான் கிட்டார் முழுக்கக் கறுப்பு வார்னிஷ் அடித்திருந்தான். முறுக்காணிகளெல்லாம் புதுசு. லேபிளில் பாதி கிழிந்து, மீதி ஊறி, பச்சையா மஞ்சளா என்று சொல்ல முடியாதபடி ஒரு நிறம். கட்டைகள் ஒல்லியும் இல்லை, தடிமனும் இல்லை. அல்லது அவருக்கு அப்படித் தெரிந்தது. குட்டிக் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். ஓட்டைக்குக் கீழே, பலகையின் அடிப்பக்கத்தில், எந்த வருஷத்துக் குருவியிலும் அவர் பார்த்திராத ஒரு சின்னப் பட்டை குறுக்காக ஒட்டியிருந்தது. விரல் நீளம், வெளிர் நிறம். ஒரு ஓரம் மட்டும் அழகாகச் சரிவாய் இழைத்திருந்தது. ஒரு முனையருகே நாலைந்து குட்டிக் குழிகள், நடுவில் ஓர் இடைவெளி.

மண்டியிட்ட இடத்திலேயே அவர் முடிவு கட்டிவிட்டார். ஒல்லிக் கட்டைக்கும் தடிமன் கட்டைக்கும் நடுவே, கம்பெனி ஒரு வருஷம் இந்தப் பட்டையைப் போட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறது. ஆறாம் வருஷம். தாம் சொன்னபடியே.

இரண்டு நாள் உட்கார்ந்து குழுவுக்கு ஒரு கட்டுரை எழுதினார். பதினொரு படங்கள். சரிவான ஓரம் ஒலி தடையின்றிப் போவதற்கான ஏற்பாடு என்று எழுதினார். குழிகள் பசை பிடித்துக்கொள்ளத் தொழிலாளி கைப்பட இட்டவை என்றும், நடுவில் உள்ள இடைவெளி ‘அக்காலத் தொழில்நுட்பத்தின் மௌன சாட்சி’ என்றும் எழுதினார். அந்த மௌன சாட்சியைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் காது மடல் சூடாகிவிடும். அன்றைக்கு அதை எழுதி முடித்ததும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

குழு கொண்டாடியது. கொக்கிகூட மறுநாள், “நீங்க சொன்னதுதான் சரின்னு படுது” என்று ஒரே வரி எழுதினார். வருஷம் சார் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார். இதற்குள் ‘கண்ணாடி அலமாரி’ என்று குழுவில் அழைக்கப்படும் பெரிய மனிதர் டீச்சருக்குப் போன் போட்டுவிட்டார். அவர் வீட்டில் எண்பது கிட்டார் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டுப் போட்டு நிற்கின்றன; எதையும் யாரும் தொடக்கூடாது. சனிக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். டீச்சரும், ஆணியில் கிடப்பதற்கு அலமாரியில் கிடக்கட்டும் என்று சம்மதித்தார்.

வியாழக்கிழமை வருஷம் சார் அக்கா வீட்டுக்குப் போனார். ஒப்பிட்டுக் காட்டுவதற்கு இரண்டாம் வருஷத்துக் கிட்டாரின் வயிற்றுப் படம் ஒன்று வேண்டியிருந்தது. அக்கா மதிய ஓட்டத்துக்கு முன் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஸ்டூல் போட்டு ஏறி, கிட்டாரை இறக்கி, தூசி தட்டி, படம் எடுத்தார். அத்தோடு திரும்பியிருந்தால் அவர் இன்றைக்கும் மேதைதான். பெருமை விடவில்லை. அக்காவை உட்கார வைத்துக் கட்டுரையை முழுக்கப் படித்துக் காட்டினார், மௌன சாட்சி உட்பட.

அக்கா படத்தைக் காட்டு என்றாள். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு ஒரு தலையணை உறையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

“ஆறாம் கிளாஸ்ல மர ஸ்கேல் தொலைச்சேன்னு அம்மாகிட்ட அடி வாங்கினியே, ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது என்றார். அதற்கும் இதற்கும் என்ன என்றார்.

“அது தொலையலடா. நான்தான் உடைச்சு எடுத்தேன்.”

விஷயம் இதுதான். போர்வைக்கு அடியில் கிட்டார் இருப்பது தெரியாமல் பதினொரு வயது வருஷம் சார் கட்டிலில் குதித்தார். பலகையில் விரிசல் விட்டது. அப்பா மாலையில் வந்தால் தோலை உரித்துவிடுவார். தம்பி மூலையில் நின்று அழுததைப் பார்த்து, பதினாறு வயது அக்கா அவனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவன் பையிலிருந்த மர ஸ்கேலை உடைத்தாள். ஓட்டைக்குள் கையை விட்டு, விரிசலுக்குக் குறுக்கே துண்டைப் பசை போட்டு ஒட்டி, காயும்வரை மூன்று மணி நேரம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருந்தாள். மாலையில் அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. தம்பியிடம், சரியாப் போச்சு, போய் விளையாடு என்றாள். தம்பியும் எப்படிச் சரியாயிற்று என்று கேட்காமலே விளையாடப் போனான்.

வருஷம் சார் நிபுணர் அல்லவா, உடனே ஒப்புக்கொள்வாரா? இது கம்பெனி மரம் அக்கா, பார்த்தாலே தெரியும் என்றார். ஸ்கேல்னா நம்பர் இருக்குமே என்றார். நம்பர் பக்கம் பசைக்கு அடியில் இருக்கிறது என்றாள் அவள். அந்தக் குழிகள் கையால் போட்டவை என்றார்.

“கையால இல்லடா. கணக்குப் பாடம் வந்தா நீ அந்த ஸ்கேலத்தான் கடிச்சுட்டு உக்காந்திருப்ப.”

அவர் வாய்க்குள் நாக்கு தானாக மேல்வரிசை முன்பல்லைத் தேடிப் போனது. பத்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து பாதி உடைந்த பல், இன்றைக்கும் அப்படியேதான் இருந்தது. குழி, குழி, நடுவில் ஓர் இடைவெளி, குழி. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் பல்லால் கெட்டார். நானூறு பேருக்குப் பதினொரு படங்களோடு அறிவித்துவிட்டுக் கெட்டார்.

அவமானம் உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அது உறைத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. டீச்சர் அறையில் இருப்பது அக்காவுடைய கிட்டார்.

அக்கா துணியையெல்லாம் மடித்து முடித்து, வேன் சாவியை எடுத்தாள். கதவருகே போனவள் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். “அது இப்ப எங்கடா இருக்கு?”

அவ்வளவுதான் கேட்டாள். கொண்டு வா என்று சொல்லவில்லை. அவள் எதையும் கேட்டு வாங்குகிற பழக்கம் இல்லாதவள் என்பது, ஐம்பது வயதை நெருங்கும்போது அவருக்கு முதல் தடவையாகப் பட்டது. ஒரு டீச்சரிடம் இருக்கிறது என்றார், சனிக்கிழமை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பின்னறையில் உட்கார்ந்து மறுப்பு எழுதினார். ‘மேலும் சில தகவல்கள் கிடைத்துள்ள நிலையில்’ என்று ஆரம்பித்து அழித்தார். ‘ஆறாம் வருஷக் கொள்கை தவறல்ல எனினும்’ என்று ஆரம்பித்து அதையும் அழித்தார். மூன்றாவதில் பழியைக் கறுப்பு வார்னிஷ் மேல் போட்டார். அன்று அவர் பொருத்திய ஒரு ஃப்ரேமில் இடது லென்ஸ் வலதிலும் வலது இடதிலும் உட்கார்ந்திருந்தது. அதை முதலாளிதான் கண்டுபிடித்தார். கடைசியில் டீச்சருக்குப் போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னார். டீச்சர் வெகுநேரம் சிரித்தார். சிரித்து முடித்து, எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் வருகிறவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன், அவராக வேண்டாமென்றால்தான் உண்டு, நேரில் வந்து சொல்லுங்கள் என்றார்.

சனிக்கிழமை காலை அவர் போனபோது கண்ணாடி அலமாரி ஏற்கெனவே வந்து, மெத்தை வைத்த பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். சுற்றிலும் பிள்ளைகள் உட்காரும் பதினொரு நாற்காலிகள் காலியாக நின்றன. வருஷம் சார் நின்றபடியே சொன்னார். இது ஆறாம் வருஷம் இல்லை. அந்தப் பட்டை என் மர ஸ்கேல். என் அக்கா ஒட்டியது.

பெரிய மனிதர் நம்பவில்லை. அவர் எத்தனை பேரைப் பார்த்தவர்! கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“பொருள மட்டம் தட்டிட்டு, நீங்களே வச்சுக்கலாம்னு பாக்குறீங்களா?”

வைத்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன் என்று உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. அதற்கு வருஷம் சார் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள் என்று குழுவுக்கு ஒன்பது வருஷமாக உபதேசம் செய்தவர் அவர்தானே. வழியில் ஒரு பேப்பர் கடையில் வாங்கிய புது மர ஸ்கேலைப் பையிலிருந்து எடுத்தார். இரண்டு பேர் பார்க்க, அதன் முனையை வாய்க்குள் வைத்து, கணக்குப் பரீட்சையை மனதில் நினைத்துக்கொண்டு, பலம்கொண்ட மட்டும் கடித்தார்.

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வருஷம் சார் எச்சிலைச் சட்டையில் துடைத்து, ஸ்கேலையும் குட்டிக் கண்ணாடியையும் டார்ச்சையும் மரியாதையாக நீட்டினார். பெரிய மனிதர் முதலில் ஸ்கேலைப் பார்த்தார். குனிந்து கிட்டாருக்குள் பார்த்தார். மறுபடி ஸ்கேலைப் பார்த்தார். சரிவான ஓரம் சரிவான ஓரத்தோடு பொருந்தியது. குழி குழியோடும், இடைவெளி இடைவெளியோடும் பொருந்தின. அந்த ஒப்பீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வருஷம் சார் வாழ்நாளில் செய்த மிகச் சரியான ஒப்பீடு அதுதான்.

“அப்ப என்ன வயசு?” என்றார் பெரிய மனிதர்.

“பதினொண்ணு.”

“பல்லு மாறவே இல்லையே” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார்.

அவர் போன பிறகு பழைய ஸ்கேல், புது ஸ்கேல் இரண்டின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடந்ததை எட்டு வரியில் குழுவில் போட்டார் வருஷம் சார். நானூறு பேரும் சிரித்தார்கள். பல் டாக்டர் ஒருவர் குழுவில் இருந்திருக்கிறார்; அவர் இலவசமாகப் பல் கட்டித் தருவதாகச் சொன்னார். கொக்கி மட்டும் சிரிக்கவில்லை. அப்போ ஆறாம் வருஷம் என்று கேள்வியை மாட்டினார். கம்பெனி பூட்டித்தான் கிடந்திருக்கும் என்று வருஷம் சார் எழுதியபோது, கசக்கும் என்று எதிர்பார்த்தது அவ்வளவாகக் கசக்கவில்லை. மாலைக்குள் அவர் பெயர் ‘ஸ்கேல் சார்’ ஆகியிருந்தது.

டீச்சர் கறுப்புக் கிட்டாரைச் சும்மா தருவதாகச் சொன்னார். இவர் கேட்கவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டு, அவள் வீட்டு அலமாரி மேல் இருந்த இரண்டாம் வருஷத்துக் கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைகள் வாசிக்க ஒன்று இருந்தால் சரி, எந்த வருஷமாயிருந்தால் என்ன என்று டீச்சர் அதைக் கறுப்பு தொங்கிய அதே ஆணியில் மாட்டினார். இருபத்தாறு வருஷத்துக்கு முந்திய அந்த மாற்று, மறுபடி மாற்றப்பட்டது. இந்தத் தடவை யார் தலையிலும் மிளகாய் அரைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் கறுப்புக் கிட்டாரோடு அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா வேன் கழுவிவிட்டு ஈரக்கையோடு வந்தாள். கறுப்பாக்கிட்டானுங்களே என்று மட்டும் சொன்னாள். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, காதைச் சாய்த்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கினாள். தடித்த கம்பியைத் தட்டியபோது உள்ளே எங்கோ மெல்லியதாக ஒரு கிர்ர் கேட்டது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. மறுபடி தட்டினாள், மறுபடி கிர்ர்.

இந்தக் கிர்ர் இல்லாததால்தான் அன்றைக்கு அவர் நீட்டிய கிட்டாரை ஒரே மீட்டலில் அலமாரி மேல் வைத்திருக்கிறாள். அவர் கேட்டார், ஏன் அக்கா அப்பவே சொல்லல, ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே ஓடிப் போய்த் திருப்பி வாங்கியிருப்பேனே என்று.

“உன் மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம்டா. எனக்கு மனசு வரல.”

மன்னிச்சிரு அக்கா என்றார். போடா என்றாள் அவள். விரல்கள் தடுமாறின, இருபத்தாறு வருஷத் தடுமாற்றம். நின்று, முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடி நின்று, மூன்றாம் தடவை நிற்காமல் போனாள். தடித்த கம்பிக்கு வரும்போதெல்லாம் அவருடைய ஆறாம் வகுப்பு ஸ்கேல் உள்ளே கூடவே முனகியது.

வாசித்துக்கொண்டே, இது நிஜமா எந்த வருஷம்டா என்று கேட்டாள்.

தெரியாது என்றார். கிட்டார் விஷயத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனாலும் பழக்கம் போகுமா? பசை ஒரு ஓரத்தில் விட்டிருக்கிறது, அதனால்தான் இந்தச் சத்தம், ஒரு சொட்டுப் பசை விட்டு அழுத்தினால் நின்றுவிடும் என்று சொல்லியபடி குட்டிக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்தார்.

“தொட்டேன்னு வை, கைய ஒடிச்சுடுவேன்” என்றாள் அக்கா, வாசிப்பை நிறுத்தாமல்.

அவர் கண்ணாடியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்டார்.